ஏழு பேரும் ஒரே தொட்டியில்

அந்தச் சிவப்பு மீன் ஊறுகாய் பாட்டிலில்தான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூவருக்கும் கம்பெனி வேலை. அதில் ஒருத்திக்குத் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது அவள்தான் பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

"பெரியம்மா, பத்து நாளைக்குப் பாத்துக்கிடுங்க. ஃபைட்டர் மீன். பொட்டைதான். காலையில மூணு உருண்டை போட்டாப் போதும். இன்னும் வேணும்னு கெஞ்சும், குடுத்திராதீய."

மீன் எப்படிக் கெஞ்சும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆள் வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். குடி வந்து ஒரு வருஷம் ஆகியும் அந்தப் பெண்ணோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

ஆனால் மீன் கெஞ்சியது. மறுநாள் காலையில் நான் பாட்டில் பக்கம் போனதும் உடம்பையே ஆட்டிக்கொண்டு மேலே வந்தது. இந்தப் பக்கம் நகர்ந்தேன், இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனேன், அங்கேயும் வந்தது. வயிறு கறிவேப்பிலை அளவுகூட இல்லை, அதற்குள் அப்படி ஒரு ஆசை. நான்காம் நாள் அதனிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். என்ன குழம்பு வைக்கிறேன் என்றுகூடச் சொன்னேன்.

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "யார்கிட்ட பேசினு கீற?"

"யார்கிட்டயும் இல்ல."

"நாப்பது வருசமா என்கிட்ட இவ்ளோ பேசல நீ."

ஊரிலிருந்து அந்தப் பெண் திரும்பி வந்தபோது பாட்டிலைக் கொடுக்க எனக்கு மனசில்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்கும் போல. அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னாள். ஃபைட்டரில் ஆணைத்தான் சேர்த்து வைக்க முடியாதாம். பெட்டையை வைக்கலாமாம். இரண்டு மூன்று என்றால் ஒன்றை ஒன்று கொன்றுவிடும். ஆறு ஏழு என்று பெரிய தொட்டியில் விட்டால் அடி ஒருத்தி மேலேயே விழாமல் பிரிந்து போய்விடுமாம். போனில் பார்த்தாளாம்.

"எல்லா நேரமும் சரியா வராதாம் பெரியம்மா. வந்துட்டா அவ்வளவு அழகா இருக்குமாம். செய்து பாப்பமா?"

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. இந்த வயதில் எதற்கும் அப்படி அடித்ததில்லை. "பாக்கலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சுங்குவார்சத்திரம் போனோம். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு மீன் கடை. ஆண் மீன்களைக் கண்ணாடி ஜாடிகளில் முன்னால் அடுக்கியிருந்தார் கடைக்காரர், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு அட்டை. பெட்டைகள் பின்னால், ஐஸ்கிரீம் கப்பில். திரும்பினால் வால் இடிக்கிற கப். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பொட்ட மீனா?" கடைக்காரர் சிரித்தார். "அத யாரும் கேக்கவே மாட்டாங்களேம்மா. கலர் கம்மி, வாலு சின்னது." ஒரு கப்பை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அடிவயிற்றில் அரிசி நொய் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. "இத பாத்துதான் வாங்கணும். ஏமாந்து ஆம்பளை ஒண்ணு பூந்துச்சு, அவ்ளோதான். ஒரே ஈத்துல பொறந்ததா ஆறு அடுத்த வாரம் கொண்டாந்து தரேன். தொட்டிய ரெடி பண்ணி வையி. ஒத்து வரலன்னா திருப்பிக் குடுத்துடு, மறுபடி கப்புல போட்டுக்கிறேன்."

கடைசியாக அவர் சொன்னதுதான் வழியெல்லாம் என் காதில் இருந்தது. மறுபடி கப்பில்.

மூன்று அடித் தொட்டியை ஹாலில் ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைத்தோம். டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினோம். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வாதாங்கொட்டை மரம் இருக்கிறது. அதன் சருகைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், இந்த மீனுக்கு அது உடம்புக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். தொட்டி நடுவில் போன வருஷத்துப் பொங்கல் பானை ஒன்றைப் படுக்க வைத்தேன். மீன் எகிறி விழாமல் இருக்க என் வீட்டுக்காரர் கொசுவலைத் துண்டை மேலே கட்டித் தந்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார்.

"சண்டை மீனுன்னு பேரு வச்சவன் இன்னா பைத்தியக்காரனா? ஏழு பொம்பளைங்க ஒரே வூட்டுல. வெளங்கும்."

"மேல மூணு பொண்ணுங்க ஒரே ரூம்ல இருக்குதுங்க. என்னைக்கு சண்ட கேட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எதிர்த்துப் பேசியது நான்தானா என்று அவருக்குச் சந்தேகம்.

அங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். தப்பு என்று அப்போது தெரியாது. மற்ற ஆறும் வர ஒரு வாரம் இருந்தது. நடுவில் வெள்ளிக்கிழமை, வளர்பிறை. புது வீடு காலியாகக் கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு மூத்தவள் முதலில் நல்ல நாளில் உள்ளே போகட்டும், பிறகு வருகிறவர்கள் அவள் பின்னால் வரட்டும் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் அப்படித்தானே. காலையில் தொட்டிக்கு முன்னால் சின்னதாகக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். பாட்டிலிலிருந்து சிவப்பை மெதுவாக உள்ளே விட்டேன்.

"மீனுக்கு கிரகப்பிரவேசமா?" என்றார் அவர். "சரி, பால எனக்கு ஒரு டம்ளர் ஊத்து."

சிவப்பு தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. பானைக்குள் போய் வெளியே வந்தது. சாயங்காலத்துக்குள் பானை வாயில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்த பெண் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆறும் வந்தன, ஆறு பிளாஸ்டிக் கவரில். மஞ்சள் ஒன்று, வெளிர்ப்பச்சை இரண்டு, செம்பு நிறத்தில் இரண்டு, பொடியாய் ஒரு நீலம். கவரோடு மிதக்க வைத்துப் பிறகு திறந்துவிட்டோம். ஏழும் ஒரு தொட்டியில். எனக்குக் கண் இரண்டு போதவில்லை.

சிவப்பு பானையை விட்டு வெளியே வந்தது. கன்னம் இரண்டையும் குடை மாதிரி விரித்தது. அவ்வளவுதான், ஆறும் ஆறு பக்கம் சிதறின.

"ரெண்டு நாளைக்கு ஓடிப்பிடிச்சு விளையாடும் பெரியம்மா. பொறவு அடங்கிரும்" என்றாள் பெண். அவள் குரலில் தைரியம் குறைவாக இருந்தது.

திங்கட்கிழமை விடிவதற்குள் அவள் கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். எட்டு மணிக்கு நான் பார்த்தபோது நீலம் தொட்டி மூலையில் மேலாக ஒட்டிக்கொண்டு நின்றது. நிறம் வெளுத்து, உடம்பில் நீளவாட்டில் கோடு விழுந்திருந்தது. வால் நார் நாராகக் கிழிந்திருந்தது. இந்த மீன் மேலே வந்து காற்றுக் குடிக்கிற ஜாதி. அதற்கு மேலே வருகிறவர்களைக்கூட சிவப்பு துரத்தியது. எல்லாவற்றுக்கும் அது சொந்தக்காரி மாதிரி பானை முன்னால் நின்றது. நீலத்தைப் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் விட்டேன்.

"நான் சொன்னேன்ல?" என்றார் அவர். ஆனால் கேலியாகச் சொல்லவில்லை. "வுட்டுடு. சாவறதுக்குக் கப்புல கெடக்கறது மேலு. ஆறையும் கொண்டுபோய் குடுத்துடலாம்."

மேல்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கப்பை நான் பார்த்திருக்கிறேன். பெண் வருகிற வரை காத்திருந்தால் இன்னொரு வால் போய்விடும். பாட்டிலைப் பையில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்தேன். தனியாக நான் கடைக்குப் போய் ஒரு சாமான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ.

கடையில் நான்கைந்து பேர். எல்லாம் கம்பெனிச் சட்டை போட்ட பையன்கள். ஓரமாக நின்றேன். கடைக்காரரே பார்த்துவிட்டார். என் கையில் பாட்டில், பாட்டிலில் கிழிந்த வால்.

"ஒத்து வரலியா?" என்று ஒரு காலி கப்பை எடுத்தார்.

"வேணாம்."

எல்லோரும் திரும்பினார்கள். நான் இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"திருப்பிக் குடுக்க வரல. எப்படி சேத்து வெக்கறதுன்னு கேக்க வந்தேன். சொல்லு. நீதான வித்த?"

அவர் கப்பைக் கீழே வைத்தார். "எப்படி வுட்ட? மொதல்லேர்ந்து சொல்லும்மா."

சொன்னேன். கோலத்தைச் சொன்னேன், பாலைச் சொன்னேன். ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கடைக்காரர் பொத்தவே இல்லை.

"பால் காச்சி குடி வெச்சியா? யம்மா, அப்பறம் அது அவ வூடு ஆயிடுச்சில்ல! பூந்தவங்கள அடிக்காம கொஞ்சுமா? ரெண்டு நாள் தனியா ராணி மாதிரி கெடந்துட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எல்லாத்தையும் வெளிய எடு. கல்லு, பானை, எதுவும் பழைய எடத்துல இருக்கக் கூடாது. மீனுங்கள விட ஒளியற எடம் அதிகமா இருக்கணும். இந்த மூலையில நின்னா அந்த மூலை தெரியவே கூடாது. மத்ததுங்கள மொதல்ல வுடு. அவள நாலு நாள் கழிச்சு, கடைசியா வுடு. அப்பவும் அடிச்சான்னா அவள மட்டும் தனியா வெச்சிடு. கிழிஞ்சது வாலுதான், வளந்துடும்."

வெளியே வந்தபோது எனக்கு வியர்த்திருந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. கை நிறைய பாசி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அன்று மத்தியானம் சமையல் இல்லை. மீன்களை ஒரு வாளிக்கு மாற்றிவிட்டுப் பானையைத் தூக்கி வெளியே வைத்தேன். சின்ன மண்சட்டி, உடைந்த பூந்தொட்டி, கொட்டாங்கச்சி, கூரை ஓடு என்று வீட்டில் கவிழ்க்க முடிந்ததெல்லாம் உள்ளே போனது. நடுவில் பாசி காடாக நின்றது. அவர் தண்ணீர்க் குடம் தூக்கினார். முணுமுணுக்கவில்லை. ஐந்தையும் நீலத்தையும் விட்டேன். ஆளுக்கொரு சட்டியைப் பார்த்துக்கொண்டு போயின. சிவப்பு மறுபடி ஊறுகாய் பாட்டிலில்.

"தனிக்குடித்தனம்" என்று அதற்கு மூன்று உருண்டை போட்டார் அவர். நான் பார்க்காத நேரம் நான்காவதும் போட்டார்.

அந்த நான்கு நாளும் நான் தொட்டி முன்னாலேயே கிடந்தேன். சாயங்காலம் பெண் வந்ததும் அவளும் தரையில் உட்கார்ந்துகொள்வாள். கம்பெனி லைனில் அன்று யார் யாரை என்ன சொன்னார்கள் என்று அவள் சொல்வாள். தொட்டியில் யார் யாரைத் துரத்தினார்கள் என்று நான் சொல்வேன். என் கதைதான் நீளம். துரத்தல் இருந்தது, கடி இல்லை. நீலத்துக்கு வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுத்தோல் வர ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை. பெண் வேலையிலிருந்து வர மூன்றரை ஆகும். அவள் வந்ததும் விடலாம் என்றுதான் பேச்சு. எனக்கு மூன்று மணி வரைதான் தாங்கியது. கோலம் இல்லை, பால் இல்லை. ஒரு கையில் வலை, ஒரு கையில் பாட்டில். சாய்த்துவிட்டேன்.

சிவப்பு நேராகத் தொட்டி நடுவுக்குப் போனது. பானை இல்லை. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அங்கேயே வந்தது. அப்போதும் இல்லை. பாசிக்குள் நுழைந்தது. அங்கே மஞ்சள் இருந்தது. மஞ்சள் கன்னத்தை விரித்தது. சிவப்பும் விரித்தது. நான் வலையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டேன்.

"அவசரப்படாத" என்றார் பின்னால் நின்ற அவர். அவர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது.

சிவப்பு திரும்பிக்கொண்டது. அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. பக்கத்துக் கொட்டாங்கச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் அடியில் நின்றது. நீலம் அதைத் தாண்டி மேலே போய்க் காற்றுக் குடித்துவிட்டு வந்தது. சிவப்பு பார்த்தது. பார்த்ததோடு சரி.

உருண்டை டப்பாவைத் திறந்தேன். ஆசையில் நிறைய கொட்டிவிடப் போகிறேன் என்று அவர் கொஞ்சமாக எடுத்துத் தந்தார். தூவினேன். சட்டியிலிருந்து ஒன்று, பாசியிலிருந்து இரண்டு, ஓட்டுக்கு அடியிலிருந்து ஒன்று. மஞ்சள். சிவப்பு. கடைசியாக நீலம். ஏழு வாயும் ஒரே இடத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஏழு.

தெருக்கோடியில் கம்பெனி பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். வாசலோடு நிற்கவில்லை, தெருவிலேயே இறங்கிவிட்டேன்.

"அடியே! ஏழும் ஒண்ணா சாப்புடுதுங்க! சீக்கிரம் வா!"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலை இந்தத் தெருவில் அவர்கள் யாரும் கேட்டதில்லை. கழுத்தில் அடையாள அட்டை ஆட, செருப்பு ஒரு பக்கம் கழல, அவள் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, நீங்களா கத்துனீய?"

"நான்தான்" என்றேன். "வா, வா. உனக்குன்னு நாலு உருண்டை மிச்சம் வெச்சிருக்கேன். நீ போடு."