பத்திரத்தில் நிற்கும் ஒன்றரை வரி

1988 ஜூலை 14, வியாழக்கிழமை, காலை பத்து இருபது. மேற்கே மலை தெரியவில்லை. காற்று புழுதியை வாரி அடித்தது. இடையில் நாலு சொட்டுச் சாரல் விழுந்து நின்றது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார். என் மகளைக் கட்டிக்கொள்ள இருந்த பையனின் தாய்மாமன். மறுநாள் நிச்சயதார்த்தம். ஆடி பிறப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தியதும் அவர்கள்தான்.

உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. மடித்த நான்கு தாள்களை நீட்டினார். ஐந்து வருஷத்துக்கு முன் என் மகளுக்கு ஒரு வீட்டை எழுதி வைத்த செட்டில்மெண்ட் பத்திரம். அதன் நகல், அரசு முத்திரையோடு.

எங்கள் பக்கத்தில் பெண் பேரில் வீடு இருக்கிறது என்றால் வாய்ச்சொல்லை நம்ப மாட்டார்கள். பத்திர ஆபீசில் மனுப் போட்டு வில்லங்கம் பார்ப்பார்கள், கூடவே நகலும் எடுப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நீ யார், உனக்கு எதற்கு என்ற கேள்வி கிடையாது. இவர், என் மகள் பேரில் உள்ள வீட்டின் நீள அகலம் பார்க்க எடுத்தார். இரண்டாம் பக்கத்தில் வேறொன்று அகப்பட்டது.

"அண்ணாச்சி, பொண்ணுக்கு வலிப்பு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

இருந்தது, இப்போது இல்லை, கடைசியாக வந்து ஆறு வருஷமாகிறது, மதுரை டாக்டர் மாத்திரையை நிறுத்தியே நாலு வருஷமாகிறது என்றேன்.

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? 'வலிப்பு நோயால் பீடிக்கப்பட்டு, சுயமாகப் பிழைக்க இயலாத நிலையில் இருப்பதாலும்'னு போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்து இருக்கு. நாங்களா எழுதினோம்?"

எழுதியவர் பத்திர எழுத்தர். ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். மகனை விட்டுவிட்டு மகளுக்கு மட்டும் வீட்டைக் கொடுப்பதானால் காரணம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிற்பாடு மகன் வழக்குப் போடுவான் என்று அந்த வாசகத்தைச் சேர்த்தார். அன்பினாலும் பிரியத்தினாலும் என்று எழுதினால் போதாதா என்று கேட்டேன். "பிரியம் கோர்ட்டுல நிக்காது சார். சீக்குதான் நிக்கும்" என்றார். என் மகன் இன்றுவரை வழக்கும் போடவில்லை, வாய் திறக்கவுமில்லை. அவனுக்காகப் போட்ட வேலியில் அவன் தங்கைதான் சிக்கினாள்.

அதற்குப் பின் அவள் டைப்பிங் பாஸ் செய்தாள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். தினம் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாள். பத்திரத்தில் மட்டும் அவளுக்கு வலிப்பு வந்துகொண்டே இருந்தது.

டாக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு மதிய பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பையனின் அப்பா அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். கூடத்தில் பெரியப்பா ஒருவர், சித்தப்பாக்கள் இருவர். மூன்று பேர் மடியிலும் என் பத்திரத்தின் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கடைக்காரனும் படித்திருப்பான். நிச்சயம் நின்றது. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, சேதி காதுக்கு எட்டி, ஒரு இரும்புச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் மகளின் டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஏழு சாவி என்று மகள் சொன்னாள். வலிப்பு வந்தால் கையில் திணிக்கத் தயாராக இருக்கட்டும் என்ற கரிசனம். அந்தக் கரிசனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாளே தகரக் கொட்டகைக்குப் போய், அந்த வாசகம் போக வேண்டும் என்றேன். பிழைத்திருத்தல் பத்திரம் போட்டால் போயிற்று என்றார் எழுத்தர். அவளையும் கூட்டிவந்து கையெழுத்துப் போட வைக்க வேண்டுமாம். எழுதி முடித்து, பெஞ்சில் காத்திருந்த ஐந்து பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்: மேற்படி பத்திரம் இரண்டாம் பக்கத்தில் 'வலிப்பு நோயால் பீடிக்கப்பட்டு' என்று தொடங்கும் வாசகம் நீக்கப்படுகிறது.

நீக்குவதற்காக மறுபடியும் எழுதியிருக்கிறீரே என்றேன். வரி எண்ணை மட்டும் போடச் சொன்னேன். அப்படிப் போட்டால் ஆபீசில் வாங்க மாட்டார்கள், எதைத் திருத்துகிறோம் என்பது தெரிய வேண்டும் என்றார். பழைய பத்திரத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"அது புஸ்தகத்துல ஏறியாச்சு, அழிக்க முடியாது. இனிமே நகல் கேட்டா ரெண்டையும் சேர்த்தே கொடுப்பாங்க."

ஆபீசுக்குள் போய் அதிகாரியிடம் கேட்டேன். தலை நிமிராமல், "சனங்க பாக்கத்தானே அய்யா வச்சிருக்கோம்" என்றார். பார்க்கட்டும். வடக்கே யார் வீடு, தெற்கே எந்தச் சந்து, சர்வே எண் என்ன, சுவர் எத்தனை அடி, எல்லாவற்றையும் ஊர் தெரிந்துகொள்ளட்டும். வீடு வாங்குபவனுக்கு அது வேண்டும். என் மகள் பதினெட்டு வயதில் எந்த மாத்திரையைச் சாப்பிட்டாள் என்பது அந்த வீட்டுக்கு எந்தத் திசையில் எல்லை? கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எழுதிய முத்திரைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் கையெழுத்துப் போடுமுன் நின்றபடியே முழுவதும் படித்தாள். பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"ஒண்ணு இருக்கது போதும்ப்பா. ரெண்டாவது வேண்டாம்."

அடுத்து ஒருத்தன் பெண் கேட்டு வந்து அவனும் நகல் எடுத்தால் என்ன செய்வாய் என்றேன்.

"வாரவங்ககிட்ட நானே மொதல்ல சொல்லிக்கிடுதேன். அதுக்கப்புறம் அவங்க எதை வேணாலும் எடுத்துப் படிக்கட்டும்."

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் கையெழுத்து அவளுடையது. போட மாட்டேன் என்றுவிட்டாள். முத்திரைத்தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பதிவாகாத பத்திரத்துக்கும் எழுத்தர் கூலியில் ஒரு காசு குறைக்கவில்லை. சமையல்காரர் முன்பணம், பூக்காரர் முன்பணம், நிச்சயப் புடவை, முத்திரைத்தாள், எழுத்துக்கூலி, பஸ், எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இரண்டாயிரத்து நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.