சிவப்புக் காய் போன வழி

சுட்டவன் எந்த வழியால் தப்பினான் என்பது பொலிசுக்குத் தெரியாவிட்டாலும் எங்கள் குறுகலான ஒழுங்கைக்குத் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள்.

திருகோணமலைச் சந்தையில் காலையில் ஒருவரைச் சுட்டுவிட்டு ஒருவன் ஓடிவிட்டான். உடனே ஊரடங்கு. கடையைப் பூட்டிவிட்டு வந்த வாப்பாவும், பக்கத்து வீட்டுத் தையல்காரரும், முன்வீட்டு லொறிச் சாரதியும் எங்கள் விறாந்தையில் கெரம் விளையாட உட்கார்ந்தார்கள். பத்து நிமிடத்தில் பலகை நகரமாகிவிட்டது. ஒரு மூலை சந்தை, எதிர்மூலை கடற்கரை, கறுப்புக் காய்கள் ஆமிக்காரர், சிவப்புக் காய் கொலைகாரன்.

"பஸ் ஸ்டாண்டுக்குள்ள பூந்து சனத்தோட சனமாப் போயிருப்பான்" என்றார் சாரதி.

"பஸ் எங்க ஓடினது? அவன் மூதூர் லாஞ்சில ஏறி இப்ப சோறும் திண்டிருப்பான்" என்றார் தையல்காரர்.

"லாஞ்சுக்கு எப்பிடிப் போற? எங்கட ஒழுங்கை முடியிற இடத்தில ஆமி நிக்கிறான். கடற்கரைக்கு வேற வழி இல்ல. பறந்தா போவான்?" என்று வாப்பா காயைத் திருப்பி வைத்தார்.

எனக்கு அப்போது ஏழு வயது. யாராவது பெயர் கேட்டால்கூட உம்மாவின் சேலைக்குள் ஒளிகிற பிள்ளை. எனக்குத் தெரிந்த ஒன்று பெரிய ஆட்களுக்குத் தெரியவில்லை என்ற சந்தோஷம் அன்று தாங்க முடியாததாக இருந்தது. கையை நீட்டிச் சிவப்புக் காயை, பலகையில் எங்கள் வீடு இருக்கவேண்டிய இடத்தின் பின்பக்கமாக நகர்த்தினேன்.

"இப்பிடிப் போகலாம். கிணத்தடி வேலியில பொட்டு இருக்கு. பிறகு இன்னும் ரெண்டு பொட்டு. பெரியும்மா வீட்டுக்குள்ளால கடற்கரை."

வேலியில் ஓலையை விலக்கினால் ஓர் ஆள் குனிந்து நுழையும் இடைவெளியைப் பொட்டு என்போம். பெண்கள் வீட்டுக்கு வீடு போவது அதற்குள்ளால்தான். ஒழுங்கையால் நடக்கிற ஆண்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

"மச்சான், மகளைப் பொலிசில சேர்" என்றார் தையல்காரர். சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை.

"அங்க எப்ப மகள் போனீங்க?"

"உம்மாவோடதான். வெள்ளிக்கிழமையில, நீங்க தொழப் பள்ளிக்குப் போன பிறகு."

பெரியும்மா உம்மாவின் ஒரே அக்கா. அவருடைய கணவரோடு வாப்பா கதைப்பதை விட்டு மூன்று வருடம். அந்த வீட்டு வாசல் படலையை யாரும் மிதிக்கக் கூடாது என்பது வாப்பாவின் சொல். உம்மா படலையை மிதிக்கவில்லை. வாப்பாவிடம் சொல்லாதே என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதுமில்லை. நான் யாரோடும் கதைக்காத பிள்ளை என்று நம்பியிருந்தார்.

அன்று பின்னேரமே வாப்பா ஒரு தகரத்தைக் கிணற்றடிக்கு எடுத்துப் போனார். ஆமிக்காரன் கண்டால் எங்களைத்தான் பிடிப்பான் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். பொட்டை மூடித் தகரத்தை அடிக்க ஆணிகளை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும் உம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன்.

"உம்மா, இனிக் கொலைகாரன் வர ஏலாது."

"ஓம் மகள்" என்றார் உம்மா. "இனி ஒருத்தரும் வர ஏலாது."

சுட்டவன் பிடிபடவேயில்லை. பெரியும்மா குடும்பம் அடுத்த வருடம் குறிஞ்சாக்கேணிக்குக் குடிபோனது. உம்மா தன் அக்காவை மறுபடி கண்டது அந்த அக்காவின் ஜனாஸா அன்றுதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, வாப்பா பள்ளிக்குப் போனதும், வழக்கம்போலச் சட்டை மாற்றிக்கொண்டு கிணற்றடியில் போய் நின்றேன். தகரம் கொலைகாரனை மறிக்கத்தான் அடித்தது. உம்மா வந்தால் திறந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வாப்பா திரும்பி வரும்வரை நின்றும் உம்மா ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.