அத்திப்பால் பட்ட கை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, சிறு வயதிலேயே குடும்பம் அவர் தலையில் விழுந்தது. தபால் குமாஸ்தாவாகக் காலம் தள்ளினார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாக வந்து நின்றவர் என்பது உங்களுக்கே தெரியும். அவருடைய ஒரே தங்கையான நான், அவருடைய இடது கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனுக்கு இருந்த ஒரே பைத்தியம் சீமை அத்தி. மொட்டை மாடி நிறையத் தொட்டிகள். ஆபீசிலிருந்து வந்ததும் பூதக்கண்ணாடியும் கையுமாக மாடி ஏறிவிடுவார். எந்த இலையையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். அடியில் துருப்போல ஒட்டியிருந்தால் துரு நோய். அதற்குக் கந்தகத் தூள். கணுவில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. அதற்கு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும். "பொண்ணு பாக்கப் போனாக்கூட இப்படிப் பாக்க மாட்டான்" என்று அம்மா கேலி செய்வார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். தலைப்பிரசவத்துக்கு வந்த நான், கைக்குழந்தை சபாபதியுடன் இன்னும் சிதம்பரத்துக்கு, புகுந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், பூச்சி மண்டிப்போன கிளைகளை அண்ணன் முழுக்கைச் சட்டையோடு வெட்டித் தள்ளினார், நான் அள்ளிக் கீழே கொண்டுபோனேன். வெட்டிய இடத்திலிருந்து வடிந்த பால் என் முழங்கை வரை பிசுபிசுத்தது. மறுநாள் கை சிவந்து எரிந்தது. அதற்கடுத்த நாள் முத்து முத்தாகக் கொப்புளம்.

அன்றைக்குப் பார்த்து என் மாமியார் எங்களை அழைத்துப்போக வந்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் அம்மையில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. என் கையைப் பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டார்.

"ஆத்தா எறங்கியிருக்கா. புள்ளைய எங்கிட்ட குடுத்துடுங்க."

"அத்திப்பாலு பட்டு வெயில்ல வெந்துபோன கை, அத்தை. ஜொரம் இல்ல பாருங்க. வெயிலு படாத வளையலுக்கு அடியில ஒண்ணுகூட வரல" என்று அண்ணன் மன்றாடினார்.

"ஆத்தாள அப்படியெல்லாம் பேசாதீங்க தம்பி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர், பிள்ளையை வாங்கிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டார்.

அம்மா வாசலில் வேப்பிலை செருகினார். அண்ணன் நேராக மாடி ஏறினார். ஒரு கிளையை ஒடித்து, அந்தப் பாலை ஈர்க்குச்சியில் தொட்டு, இடது முன்கையில் பெரிதாக 'ச' என்று எழுதிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். அம்மா பதறிப்போய், "என்னடா பண்றே?" என்றார்.

"சும்மா கொப்புளம் வந்தா, இவகிட்டேருந்து ஒட்டிக்கிச்சும்பாங்க. எழுத்தா வந்தா என்னம்மா சொல்லுவாங்க?"

உண்மையைச் சொல்கிறேன், நான் அண்ணனை நம்பவில்லை. எனக்கு வந்தது அம்மைதான், பிள்ளைக்கும் ஒட்டவைத்துவிட்டேன் என்று நடுங்கினேன். மார் கட்டிக்கொண்டு தெறித்தது. சிதம்பரத்திலிருந்து வந்த சேதி அதைவிட மோசம். சபாபதி பாலாடையில் ஊட்டும் பசும்பாலைத் துப்புகிறானாம், அழக்கூடத் தெம்பில்லையாம்.

தன் கையில் கொப்புளம் எழும்பிய அன்று காலையிலேயே அண்ணன் முதல் வண்டியில் சிதம்பரம் போனார். மாமியார் உள்ளே விடவில்லை. அண்ணன் தெருவில் நின்றபடியே கையை நீட்டினார். தோலில் 'ச' அப்படியே பொங்கியிருந்தது.

"ஆத்தா எழுத மாட்டா அத்தை. நாந்தான் எழுதுனேன்."

மாமியார் படியிறங்கி வந்து அந்த எழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பிள்ளையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். "சீக்கிரம் போங்க தம்பி, புள்ள தாங்காது" என்றாராம். அன்று சாயங்காலம் சபாபதி என் மடியில் கிடந்து பசியாறினான். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்.

அந்த எழுத்து வெளுத்த தழும்பாகக் கடைசிவரை இருந்தது. செம்மண்டலத்து வீட்டில் அவர் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், சபாபதி அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் கேட்டேன்: "அன்னைக்கி ஒனக்குப் பயமே இல்லியாண்ணே?"

"பயந்தே செத்தேன். கொப்புளம் வரலேன்னா ஒனக்கு அம்மைதான்னு ஆயிடுமே. எழும்புற வரைக்கும் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே கெடந்தேன்."

அண்ணனை இறுதிவரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும், அன்று மனம் இரங்கிய, இன்று இல்லாத என் மாமியாருக்கும் எங்கள் நன்றி. இந்த நினைவு மலருடன் அண்ணன் வளர்த்த அத்தியிலிருந்து ஆளுக்கொரு பதியன் தருகிறோம். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெயிலில் மட்டும் வெட்டாதீர்கள்.