ஆறு நிரைக்கு ஓர் எண்

பொகவந்தலாவையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அதனாலேயே எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கும் என்று நம்பினேன்.

அம்மாவும் ஐந்து பெண்களும் சேர்ந்தாற்போல் தேயிலைச் செடிகளின் ஆறு நிரைகளில் கொழுந்து பறிப்பார்கள். கால் வழுக்கும் பள்ளத்து ஓர நிரை எப்போதும் அம்மாவுக்கு. முழங்கால் வீங்கிய பிறகும் வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாற்றவில்லை. "பழகின காலு, அவங்களே போகட்டும்" என்பார். நாளுக்கொருவர் போகலாமே என்று அம்மா கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

எனக்கு ஓர் எண் தெரியும்: 142857. இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரை எதனால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள் அதே வரிசையில் சுற்றி வரும். தலையில் நிற்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. வேலை நாளும் ஆறு, நிரையும் ஆறு!

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், கூடைகளில் வெண்கட்டியால் இலக்கம் எழுதினேன். தலையில் வருபவர் அன்று பள்ளத்து ஓரம்; மற்றவர்கள் அதே வரிசையில் அடுத்தடுத்த நிரை. அம்மாவுக்கு ஒன்று. ஐந்து பெண்களில் ஒருவரான தன் மதினிக்குக் கங்காணி எட்டைக் கேட்டு வாங்கினார். "இருக்கிறதுலயே பெரிசு. நம்ம வீட்டு மரியாதை."

பிறகு குந்தி உட்கார்ந்து, பாக்கெட் புத்தகத்தில் எல்லாவற்றையும் தானே பெருக்கிப் பார்த்தார். "அப்ப ஞாயித்துக்கிழமைக்கு, தம்பி?"

"ஏழால பெருக்கணுங்க. ஆறும் ஒம்பதாயிரும். முன்ன பின்ன கிடையாது."

"லீவு நாளுக்குப் பொருத்தந்தான். கணக்குன்னா சரி."

அம்மா என் காதருகே வந்தார். "நாளுக்கொருத்தி போகணும்னு இத்தனை வருசமா நானுந்தானே சொல்றேன். அதுக்கு ஏன் சாமி இம்புட்டுப் பெருக்கல்?"



செவ்வாய்க்கிழமைத் தூறலில் வெண்கட்டி அழிந்தது, இலக்கங்கள் அழியவில்லை. "ஏ ரெண்டு, பாத்து நட! ஏ அஞ்சு, வாய மூடிப் பறி!" என்று கங்காணி கத்த, மலை முழுக்க என் கணக்குதான் கேட்டது. அம்மா மேட்டில் நின்றார்.

சனிக்கிழமை வந்தது. ஆறால் பெருக்கினால் 857142. தலையில் எட்டு.

"என்னங்க கொழுந்தனாரே, எனக்கா பள்ளம்?" என்றார் மதினி.

கங்காணி புத்தகத்தைத் திறந்து இரண்டு தரம் பெருக்கினார். எண் அசையவில்லை. பழையபடி அம்மாவுக்கே பள்ளம் ஆகிவிடுமோ என்று பயந்தேன். மெதுவாக என்னிடம் வந்தார். "தம்பி, இன்னைக்கு மட்டும் ஏழால பெருக்குனா என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கினார். "ஏழுன்னா லீவு தானுங்களே ஐயா. எல்லாரும் லயத்து வீட்டுக்குப் போகட்டுங்களா?"

கங்காணி புத்தகத்தை மூடினார். மதினி அவரை முறைத்தபடி பள்ளத்துப் பக்கம் இறங்கினார். "எட்டைக் கேட்டு வாங்குன மூஞ்சியப் பாரு!"

அம்மா நான்காவது நிரைக்குள் நுழைந்து குரல் கொடுத்தார்: "ஏ எட்டு, அந்த மூணாவது கல்லு ஆடும். காலை வச்சிராத!"