வெளியே பூட்டிய வீட்டில் மூன்று கேம்கள்

பாகலூர் ரோட்டில் ஒரு டெம்போ என் பைக்கை இடித்ததில் வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. உள்ளே பிளேட் வைத்து, மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓசூரில் எங்கள் வாடகை வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. நண்பர்கள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிவந்து விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு நான் படி இறங்கவில்லை.

மனைவிக்கு மொபைல் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலை. விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவாள்.

"தாப்பா போட எழுந்து வரன்னு கீழ விழுந்து வெப்பீங்க. நானே பூட்டிக்கிறன்," என்றாள் முதல் நாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

பகல் முழுக்க எனக்குத் துணை கேம் கன்சோல்தான். விபத்துக்குச் சில நாள் முன்பு வாங்கிய மூன்று டிஸ்க்குகள் பிரிக்காமல் கிடந்தன.

முதல் கேமில் குதிரையில் நாடு சுற்றலாம். மழை பெய்தால் குளம்பில் சேறு ஒட்டும், வெயில் வந்தால் அது காய்ந்து உதிரும். அதைச் செய்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வழியில் பார்க்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். ஒருநாள் வடக்கே போய்க்கொண்டே இருந்தேன். ஒரு மலையைத் தாண்டியதும் குதிரை கண்ணுக்குத் தெரியாத எதிலோ முட்டி நின்றது. எதிரே புல்வெளி தெரிகிறது, போக முடியவில்லை. அரைமணி நேரம் அந்த எல்லையை ஒட்டியே ஓட்டிப் பார்த்தேன். எங்கும் வழி இல்லை. கன்சோலை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்தது தொழிற்சாலை கட்டுகிற கேம். மூன்றில் இதுதான் உருப்படியானது. இரும்பை உருக்கி, கன்வேயரில் ஓட்டி, சரக்கு எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பன்னிரண்டு வருஷம் ஃபேக்டரி லைனில் நின்றவனுக்கு அது இனித்தது. ஒருநாள் மனைவி வேலை முடிந்து வந்தவள், பையைக்கூட இறக்காமல் டிவியைப் பார்த்தாள்.

"என்னாங்க இது, கன்வேயரா?"

"ஆமா. மொத்த பிளான்டும் நான் கட்டுனது."

"எட்டு மணி நேரம் இது முன்னாடி நின்னுட்டு வரன். வீட்டுலயும் இதேவா?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள், "வேல செய்யறவங்க எங்க, ஒருத்தரயும் காணம்?"

யாரும் இல்லை. அத்தனை நாள் விளையாடியும் நான் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது, பேய் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவன் கதை. பேயைப் பார்த்தால் பயம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஒலி மட்டும் பிரமாதம். எங்கோ தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவு நிஜமாக. ஆட்டத்தை நிறுத்திவிட்டு மாத்திரை எடுத்தேன். சொட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

கதவோரச் சுவரில் நீர் வழிந்து சுவிட்ச் போர்டு நனைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு எங்கோ போயிருந்தார், மேலே டேங்க் நிரம்பி வழிந்தது. அவர் போனை எடுக்கவில்லை. மனைவியின் போன் ஃபேக்டரி லாக்கரில் இருக்கும், சாயங்காலம்தான் கைக்கு வரும். போர்டில் சடசடவென்று சத்தம் கேட்டது. தரையில் உட்கார்ந்தபடியே காலை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கன்னடக்கார அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா, மோட்டார ஆஃப் பண்ணுங்க!"

அவருக்குப் புரியவில்லை. எனக்குக் கன்னடம் ஏதோ கொஞ்சம்தான் வரும், 'மாடி' என்றால் 'பண்ணுங்க' என்கிற அளவுக்கு. "அக்கா, மோட்டார் ஆஃப் மாடி, ஆஃப் மாடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஓடிப்போய் அணைத்தார். பிறகு மேலேறி வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பூட்டை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஒளகே நீங்க இருக்குறீங்க, வெளிய பூட்டா?" என்றார், இரண்டு மொழியும் கலந்து. "நெருப்பு வந்தா எங்க போறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுவில் கதவு இருந்ததால் அவர் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் போகவில்லை, வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் நடந்ததைச் சொன்னபோது மனைவி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "நல்லதுன்னு நெனச்சித்தாங்க பூட்டுனன்," என்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டு மட்டும் போனாள். நான் கன்சோலைப் போடவில்லை. சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் போய்க் கதவைத் திறந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கால் ஊன்ற இன்னும் ஆறு வாரம் இருந்தது. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போன அக்கா நின்று, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சு என்று கன்னடத்தில் சொல்லத் தெரிந்திருந்தது. சொன்னேன்.