நாலு கதவு வண்டி

என்னைக் கட்டிக்கொண்டபோது என் கணவருக்கு இருந்த ஒரே சொத்து மெட்ராஸ் கார் கம்பெனி வேலை. அப்பாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. எங்கள் ஊரான வடகரப்பதியில் தென்னந்தோப்பும் வயலுமாக இருந்தவர், பார்ப்பவரிடமெல்லாம் "மருமகன் கார் செய்யறாருங்க" என்பார். உண்மையில் இவர் செய்தது கதவு மாட்டும் வேலை.

முதலில் அந்தக் கம்பெனி வண்டிக்கு இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் குடும்பங்களுக்கென்று நாலு கதவு வைத்தார்கள். அப்பா சொல்லிவைத்து ஒன்று வாங்கினார்.

அப்புறம் பெட்ரோல் விலை ஏறியது. கார் வாங்குவோர் குறைந்தார்கள். கம்பெனியில் இரண்டு ஷிப்ட் ஒன்றாயிற்று. பிறகு அந்த வண்டியே இனி இல்லை என்று சொல்லி, கதவு மாட்டியவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு நாங்கள் அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தோம்.

உதிரி பாகங்கள் கிடைக்காமல் அப்பாவின் காரும் அடிக்கடி நின்றது. "உங்க கம்பெனி வண்டி, நீங்களே பாருங்க மாப்பிள்ளை" என்பார். மரியாதையில் குறையே இருக்காது. இவர் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கடியில் படுப்பார்.

தங்கையின் கல்யாணம் கோயம்புத்தூரில். பெண்ணை ஏற்றிப்போன அப்பாவின் கார், மாநில எல்லையிலுள்ள வாளையார் செக்போஸ்டில், லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அழைக்க வந்திருந்த சம்பந்தி வீட்டார் இறங்கி வந்தார்கள்.

"என்னங்க ஆச்சு?"

"நம்ம பெரிய மாப்பிள்ளை செஞ்ச வண்டிங்க," என்றார் அப்பா. "செஞ்சவருக்கே சோறு போடல. நமக்கு எங்க ஓடப்போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். பானெட்டுக்குள் குனிந்திருந்த இவர் நிமிரவில்லை. பெட்ரோல் பம்ப்பைக் கழற்றித் துடைத்து மாட்டி, வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். பிறகு கை கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீ போயிட்டு வா. நான் வரல."

"ஏனுங்க, தங்கச்சி கல்யாணமுங்க."

"தெரியும்."

அன்றைக்கே அங்கொரு லாரிப் பட்டறையில் வேலை கேட்டுச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் முடிந்து திரும்பும்போது நானும் வாளையாரில் இறங்கிக்கொண்டேன். அப்பா தடுக்கவில்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்து, "சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்று மட்டும் கேட்டார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டு பட்டறையைப் பார்த்து நடந்தேன்.

லாரிப் புழுதி படிந்த ஓர் அறையில் குடியேறினோம். அப்பா கோயம்புத்தூருக்கு அந்த வழியாகத்தான் போய்வருவார். ஒருதடவைகூட இறங்கி எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. இவரும் அவரை எதிர்பார்க்கவில்லை. நான்தான் ரொம்ப நாள் எதிர்பார்த்தேன்.