மங்கிய பல்பு

வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லையாம். குறுக்கே அது போகையில் அந்தச் சூரியன் துளி மங்குவதை வைத்தே கண்டுபிடித்தார்களாம். எப்பேர்ப்பட்ட ஆட்கள்!

பேப்பரில் இதைப் படித்ததும், கும்மிடிப்பூண்டியில் எங்கள் பழைய வீட்டுக் குண்டு பல்பு ஞாபகம் வந்தது. பக்கத்து இரும்பாலையில் மின்உலையை ஓட்டியவர் அப்பா. அவர் உலையைப் போட்டால் எங்கள் பல்பு மங்கும்.

"உங்க நைனா வேலைய ஆரம்பிச்சிட்டாரு" என்பாள் அம்மா.

ஒரு சாயங்காலம் ஆலையில் பெரிய வெடிச்சத்தம். தெருவே கேட்டுக்கு ஓடியது. அம்மா மட்டும் அசையாமல் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறுபடி மங்கிய பிறகுதான் நிம்மதியாக அழுதாள்.

இன்று அவளுக்குச் செய்தியைப் படித்துக் காட்டினேன்.

"அங்க யார்னா இருக்காங்களா?"

"தெரியாதும்மா. வெளிச்சம் மங்குனது மட்டும்தான் தெரியும்."

"மங்குச்சில்ல? அப்பால இன்னா சந்தேகம், இருக்காங்க."